மலைக்கு ஏணி அமைத்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் எங்கும் இருப்புப்பாதைகள் விரைந்து பரவின. ஆறுகளின் குறுக்கே பாலங்கள் எழுந்தன. குன்றுகள் குடையப்பட்டுச் சுரங்க வழிகள் ஆயின. நெடுந்தொலைவில் இருந்த நகரங்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ஆயினும், உயர்ந்த மலையின் அடிவாரத்தை அடைந்ததும் புகைவண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் செல்ல விரும்புவோர் குதிரையையோ, கழுதையையோ, பல்லக்குத் தூக்குவோரின் தோள்களையோ நாட வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியல் வல்லுநர்.

ரிக்கன்பாக் 1817-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள் ஆல்சாஸ் பகுதியில் உள்ள கெப்வைலர் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர்கள். தந்தையார் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழிலை அவ்வூரில் நடத்தியவர். நெப்போலியன் காலத்துப் போர்களால் கடல் வாணிகம் தடைப்பட்டிருந்தபோது அத்தொழில் ஓங்கியது. போர் ஓய்ந்து, வெளிநாட்டுக் கரும்புச் சர்க்கரை மீண்டும் வரத் தொடங்கியதும் நலிந்தது. நிக்லாஸ் சிறுவராக இருந்தபோதே தந்தையார் இறந்தார். எட்டு மக்களையும் அழைத்துக்கொண்டு தாயார் பாசல் நகருக்குத் திரும்பினார். அக்குடும்பத்தில் செல்வமும் இல்லை. பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பும் வாய்ப்பும் இல்லை.

முதலில் நிக்லாஸை வணிகத் தொழிலில் பழக்க முயன்றனர். கணக்கு ஏடுகளின்முன் அமர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. உலைக்களத்தின் ஒலியும், கடைசல் எந்திரத்தின் சுழற்சியுமே அவரைக் கவர்ந்தன. ஆகவே வணிகத்தைத் துறந்து, எந்திரப் பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும், அக்காலத்துத் தொழிலாளர் வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று வேலை செய்தார். பிரான்சு நாட்டின் லியோன் நகரிலும் பின்னர்ப் பாரிசிலும் தங்கினார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்துவிட்டு, இரவில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் வகுப்புகளுக்குச் சென்றார். பள்ளியில் பெற முடியாததைப் பட்டறைக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர் தேடிப் பெற்றார்.

பாரிசிலிருந்து சான்-சர்மான் என்னும் ஊருக்கு அந்நாட்களில் புதிதாக இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. அதில் ஓடிய எஞ்சினைக் கண்ட இளைஞர், தம் வாழ்க்கைத் தொழில் இன்னதென்று அப்போதே முடிவு செய்தார். 1840-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இருந்த கெஸ்லர் எஞ்சின் தொழிற்சாலையில் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் அங்கு மேற்பார்வையாளர் நிலைக்கு உயர்ந்தார். அவர் அங்கிருந்த காலத்தில் ஏறத்தாழ 150 எஞ்சின்களை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டார். எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் அவர் கைபட்டதாயிற்று.

சுவிட்சர்லாந்து நாட்டிற்குள் முழுமையாக அமைந்த முதல் இருப்புப்பாதை 1847-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சூரிச்சு நகருக்கும் பாடன் நகருக்கும் இடையே திறக்கப்பட்டது. பாடன் நகரில் செய்யப்பட்ட ஒருவகை இனிப்புப் பணியாரம் பெயர் பெற்றது. சூரிச்சுச் செல்வர்கள் அதனைப் பெறுவதற்காக வேலையாட்களை விடியுமுன்னரே நடக்கச் செய்வது வழக்கம். புகைவண்டி வந்தபின் அப்பணியாரம் சூடாகவே வந்து சேர்ந்தது. அதன் பெயரையே மக்கள் அப்பாதைக்கும் சூட்டிவிட்டனர்! அப்பாதையில் ஓடிய ‘லிம்மாட்’ என்னும் எஞ்சின் கெஸ்லர் தொழிற்சாலையில் உருவானது. அதனைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்து இயக்கிக் காட்டும் பேறு ரிக்கன்பாக்கிற்குக் கிடைத்தது.

1853-ஆம் ஆண்டில் சுவிஸ் மத்திய இருப்புப்பாதைக் குழுமம் அவரை எந்திரப் பிரிவின் தலைவராக அமர்த்தியது. பின்னர் ஓல்ட்டன் நகரில் நிறுவப்பெற்ற பெரிய தொழிற்சாலை அவர் பொறுப்பில் வந்தது. வாழ்நாள் இறுதிவரை அந்நகரமே அவருக்கு ஊராயிற்று. அங்குதான் அவர் எதிரில் ஒரு பெரும் சிக்கல் வந்து நின்றது.

பாசலையும் ஓல்ட்டனையும் இணைக்கும் பாதை ஹவென்ஸ்டைன் என்னும் மலைத்தொடரைக் கடந்து செல்கிறது. 1858-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில், ஏறத்தாழ 38 அடிக்கு ஓர் அடி என்னும் அளவில் ஏற்றம் இருந்தது. காலால் நடப்பவனுக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. புகைவண்டிக்கோ இது பெரும் சோதனை. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின்மீது எஞ்சினின் எடையால் மட்டுமே பற்றிக்கொண்டு உருளுகிறது. பாதை சாயச் சாய, அந்தப் பற்று தளர்கிறது. வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எடையோ மிகுகிறது. மழையோ பனியோ பெய்துவிட்டால், சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வீணாகச் சுழலும். தண்டவாளத்தில் மணலைத் தூவி ஒருவாறு வண்டியை நகர்த்துவார்கள். எஞ்சினை மேலும் கனமாகச் செய்தால் பற்று கூடும். ஆனால் அந்தக் கனத்தையே மேலே தூக்கிச் செல்வதில் நீராவியின் ஆற்றல் பெரும்பகுதி செலவாகிவிடும். எடையைக் கூட்டுவதால் தீராத குறை இது.

ரிக்கன்பாக் வேறு வழியில் சிந்தித்தார். சக்கரம் பற்றுவதற்கு எடையை நம்புவானேன்? தண்டவாளங்கள் இரண்டிற்கும் நடுவே ஏணி போன்ற ஒன்றைப் படுக்கவைத்து, எஞ்சினின் அடியில் பற்சக்கரம் ஒன்றைப் பொருத்தினால் என்ன? பற்கள் ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகப் பற்றி ஏறும், வழுக்குவதற்கே இடமில்லை. இதுவே அவர் கண்ட முறை. இரண்டு இரும்புச் சட்டங்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றினிடையே உறுதியான இரும்புப் படிகளை நெருக்கமாகப் பொருத்தி அவ்வேணியை அமைத்தார்.

பல் பொருந்திய பாதை என்பது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1812-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லீட்சு நகரில் நிலக்கரி வண்டிகளுக்காகப் பிளெங்கின்சாப் என்பவர் பல் பொருந்திய தண்டவாளத்தைப் பயன்படுத்தினார். ஆனால் அது ஏற்றத்திற்காக அமைந்ததன்று. சமவெளியிலும்கூட வழவழப்பான சக்கரம் பற்றாது என்று அவர் அஞ்சியதால் அமைந்தது. அந்த அச்சம் தவறென்று தெரிந்ததும், பொறியியலார் பற்சக்கரத்தை மறந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அதனை அதற்குரிய இடமாகிய மலைக்குக் கொண்டு சென்றதே ரிக்கன்பாக்கின் திறம்.

1863-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் அவர் தம் முறைக்குப் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்றார். சொந்த நாட்டில் பெறாதது ஏன் என்று எண்ணத் தோன்றும். புதியன புனைவோருக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் சுவிட்சர்லாந்தில் அப்போது இல்லை. 1888-இல்தான் அது இயற்றப்பட்டது. சட்டம் இல்லாதது போலவே, அவர் கருத்துக்கு ஆதரவும் அங்கு இல்லை. சிறு மாதிரி ஒன்றைச் செய்து அறிஞர்களிடம் காட்டினார். பலர் நகைத்தனர், சிலர் இரங்கினர். பட்டறையில் தொழில் கற்ற ஒருவர் தங்களுக்குப் பாடம் சொல்ல வருவதைக் கற்றறிந்தோர் விரும்பவில்லை போலும். ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இதற்கிடையில் அட்லாண்டிக்குப் பெருங்கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் பற்சக்கரப் பாதை ஒன்றைத் தனியே அமைத்து வந்தார். அது 1869-ஆம் ஆண்டில் மலையுச்சியை எட்டியது. காலத்தால் மார்ஷே முந்தியவர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறை. அமெரிக்காவில் நடைபெற்றதை அறிந்தபின் சுவிட்சர்லாந்திலும் சிலர் மனம் மாறினர். நான்கு காடுகள் ஏரி எனப்படும் லூசேர்ன் ஏரியின் கரையில், காலைக் கதிரவனைக் காண்பதற்காகப் பயணிகள் கூடும் ரிகி மலை இருக்கிறது. அதன்மேல் பாதை அமைக்க 1869-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லூசேர்ன் மாநிலம் இசைவு தந்தது. நெய்ப், சோக்கே என்னும் பொறியியலார் இருவர் ரிக்கன்பாக்குடன் கைகோத்தனர்.

ஏரிக்கரையில் உள்ள விட்ஸ்னாவ் என்னும் சிற்றூரிலிருந்து வேலை தொடங்கியது. நான்கு அடிக்கு ஓர் அடி என்னும் கடும் ஏற்றம். பாறையைக் குடைந்த ஒரு சுரங்கம். பள்ளத்தாக்கின்மேல் சாய்வாகவே நிற்கும் ஓர் இரும்புப் பாலம். ஓல்ட்டன் தொழிற்சாலையில் இதற்கென எஞ்சின்கள் உருவாயின. அவற்றின் தோற்றம் விந்தையானது. கொதிகலன் படுத்திருக்கவில்லை, வண்டியின்மீது பெரிய புட்டியை நிறுத்தியதுபோல் நிமிர்ந்து நின்றது. இதற்குக் காரணம் உண்டு. படுக்கையான நீண்ட கொதிகலன் கடும் ஏற்றத்தில் சாய்ந்தால், நீர் ஒருபுறமே சேர்ந்து, மறுபுறத்தில் நெருப்புக் குழாய்கள் நீரின்றி வெந்துபோகும். நிமிர்ந்த கொதிகலனில் அந்த இடர் குறைவு. பிற்காலத்தில் பாதையின் சாய்வுக்கேற்பச் சரிவாகப் பொருத்திய படுக்கைக் கொதிகலனே மேலானது எனக் கண்டு, பழைய எஞ்சின்களை அவ்வாறு மாற்றிவிட்டனர். முதல் முயற்சியில் எல்லாம் கைகூடி விடுவதில்லை.

ஏறுவதைவிட இறங்குவதே அவர் கவலையை மிகுவித்தது. மேலே போகாத வண்டியால் பொருள் நட்டம் மட்டுமே. கீழே வரும்போது நில்லாத வண்டியால் உயிர்க்கே கேடு. ஆகவே எஞ்சினை எப்போதும் பயணிகள் பெட்டியின் கீழ்ப்புறத்திலேயே அமைத்தார். ஏறும்போது அது பின்னிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னின்று தாங்கும். ஒரு பயணத்திற்கு ஒரே பெட்டி. இறக்கத்தில் நீராவியை நிறுத்திவிட்டு, எஞ்சினின் உருளைகளைக் காற்றை உறிஞ்சி அழுத்தும் துருத்திகளாக மாற்றினார். அழுந்திய காற்று உந்துதண்டை எதிர்த்து நிற்க, வண்டியின் வேகம் தானே அடங்கியது. அழுத்தத்தால் காற்றுச் சூடேறும் ஆதலின், உருளைக்குள் சிறிது நீரையும் செலுத்திக் குளிரச் செய்தார். இந்த எதிரழுத்தத் தடை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இவ்வளவு கருத்துடன் இறக்கத்தை எண்ணிப் பார்த்ததனால்தான் மக்கள் அஞ்சாமல் அவ்வண்டியில் ஏறினர்.

1870-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், ரிக்கன்பாக்கின் 53-ஆம் பிறந்தநாளன்று, எஞ்சின் சோதனையாக மலையில் ஏற்றிப் பார்க்கப்பட்டது. அவ்வாண்டின் கோடையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இரும்புப் பொருள்கள் வந்துசேர்வது தாமதமாயிற்று. திறப்பு விழாவும் தள்ளிப் போயிற்று. மறு ஆண்டு அதே மே 21-ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் மலையின்மீது ஏறிய முதல் பற்சக்கர இருப்புப்பாதை அதுவே. நகைத்தவர்கள் நாணினர். ஒன்று மட்டும் குறை: மலையுச்சி அண்டை மாநிலமாகிய ஷ்வீட்ஸின் எல்லைக்குள் இருந்தது. ஆகவே பாதை எல்லைக்கோட்டிலேயே நின்றது. அந்த மாநிலம் வேறொரு குழுவினருக்கு இசைவு தந்து, எஞ்சிய பகுதி முடிந்து, வண்டி உச்சியை அடைந்தது 1873-ஆம் ஆண்டில்தான். எந்திரம் வென்ற மலையில் எல்லைக்கோடு இரண்டு ஆண்டுகள் தடுத்து நின்றது.

ரிகியின் புகழ் விரைந்து பரவியது. வியன்னா, புடாபெஸ்டு நகர்களை அடுத்த குன்றுகளிலும், பிரேசில் நாட்டின் பெட்ரோபொலிஸ் மலையிலும் அவர் முறையில் பாதைகள் எழுந்தன. நீரின் எடையால் மேலும் கீழும் இயங்கும் கம்பிவடப் பாதைகளையும் அவர் அமைத்தார். போர்ச்சுகல் நாட்டின் பிராகா நகரில் 1882-இல் திறக்கப்பெற்ற அத்தகைய பாதை ஒன்று இன்றும் நீரின் எடையாலேயே இயங்குகிறது.

ஆனால் செல்வம் அவரிடம் தங்கவில்லை. 1873-ஆம் ஆண்டில் ஆராவ் நகரை இருப்பிடமாகக் கொண்டு, உலகெங்கும் மலைப்பாதைகள் அமைப்பதற்கான குழுமம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் பெரும் வாணிக நெருக்கடி தோன்றியது. புதிய பாதைகளுக்குப் பணம் தருவார் அருகினர். தள்ளாடிய குழுமம் 1880-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. அறுபதைக் கடந்த வயதில், அவர் மீண்டும் தனி ஆளாய் ஓல்ட்டன் திரும்பி, கேட்டவர்க்கு ஆலோசனை கூறும் பொறியியலாராய்ப் பணியாற்றினார். 1886-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு, ஒரு பழைய எந்திரத் தொழிலாளியின் நினைவுகள் என்று பொருள்படும் பெயரையே வைத்தார். பெரும் பதவிகள் வகித்தும் தொழிலாளி என்னும் பெயரை அவர் கைவிடவில்லை.

இக்காலத்தில்தான் நீலகிரியின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. உதகமண்டலத்திற்கு இருப்புப்பாதை வேண்டும் என்னும் பேச்சு 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. 1873-இல் புகைவண்டி மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் குதிரையும் மாட்டுவண்டியும்தான். 1880-களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக் நீலகிரிக்கு வந்து மலைச்சரிவைப் பார்வையிட்டார். ரிகியைப் போன்ற பாதைக்குச் செலவு மதிப்பீடும் வகுத்துத் தந்தார். மலை ஏற்றது, பணம் ஏற்கவில்லை. அரசின் உறுதிப்பாடு இல்லாமல் முதலீடு செய்ய இலண்டன் செல்வர்கள் தயங்கினர். திட்டம் கிடப்பில் விழுந்தது.

பிறகு 1891-ஆம் ஆண்டில் நீலகிரியில் வேலை தொடங்கியபோது, அங்கு இடப்பெற்றது ரிக்கன்பாக்கின் ஏணி அன்று. ரோமன் ஆப்ட் என்பவர் கண்ட பற்சட்டம். இந்த ஆப்ட் யார்? ஓல்ட்டன் தொழிற்சாலையிலும் பின்னர் ஆராவ் குழுமத்திலும் ரிக்கன்பாக்கின்கீழ்ப் பணிபுரிந்து தொழில் கற்றவர். அவருடைய மாணாக்கர் என்றே கூறலாம். ஆசிரியரின் ஏணியில் இரண்டு குறைகளை அவர் கண்டார். ஒன்று, அது கனமானது. செய்வதற்குச் செலவு மிக்கது. மற்றொன்று, பற்சக்கரம் ஒரு படியை விட்டு அடுத்த படியைப் பற்றும்போது சிறு அதிர்வு ஏற்படும். ஆப்ட் ஏணியை நீக்கிவிட்டு, பற்கள் வெட்டிய மெல்லிய இரும்புச் சட்டங்கள் இரண்டை அருகருகே நிறுத்தினார். ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி நிற்குமாறு தள்ளிப் பொருத்தினார். இதனால் எப்போதும் ஏதேனும் ஒரு பல் பிடிப்பிலேயே இருக்கும். 1882-இல் காப்புரிமை பெற்ற இம்முறை, விரைவில் உலகின் பெரும்பாலான மலைப்பாதைகளில் ஆசிரியரின் முறையைப் பின்னுக்குத் தள்ளியது. தாம் பழக்கிய கையே தம்மை மிஞ்சுவதைக் காணும் நிலை முதியவருக்கு வந்தது. அது கசப்பாகவும் இருந்திருக்கலாம். எனினும் ஓல்ட்டன் பட்டறை இல்லையேல் ஆப்டின் சட்டமும் இல்லை.

நீலகிரிப் பாதையின் வரலாறும் எளிதாக இல்லை. முதலில் அமைந்த குழுமம் பணமின்றிக் கலைந்தது. வேறொன்று அதனை ஏற்றது. 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின் நாற்பதாம் நாள், ஜூலை 25 அன்று, ஓல்ட்டன் நகரில் ரிக்கன்பாக் தமது 82-ஆம் வயதில் காலமானார். பாதை உதகமண்டலத்தை அடைந்தது 1908-ஆம் ஆண்டில்.

ரிகிப் பாதையில் 1937-ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் வந்தன. நீராவி எஞ்சின்களுக்கு வேலை ஒழிந்தது. ஆயினும் 1923-லும் 1925-லும் செய்யப்பட்ட இரண்டு எஞ்சின்களைப் போற்றி வைத்து, சிறப்பு நாட்களில் இன்றும் ஓட்டுகிறார்கள். நிமிர்ந்த கொதிகலனுடைய பழைய எஞ்சின்களுள் ஏழாம் எண்ணுடையது மட்டும் லூசேர்ன் போக்குவரத்துக் காட்சிச்சாலையில் காக்கப்பட்டு வருகிறது. பாதையின் 150-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2021-இல் அதனை வெளியே கொணர்ந்து, மீண்டும் நெருப்பு மூட்டி, மலையில் ஓட்டினார்கள்.

அந்த ஏழாம் எண் எஞ்சினுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. 1871-இல் விண்டர்தூர் நகரில் தொடங்கப்பெற்ற சுவிஸ் எஞ்சின் தொழிற்சாலை 1873-இல் செய்து முடித்த முதல் எஞ்சின் அதுவே. அதே தொழிற்சாலை 1914 முதல் 1952 வரை பல தவணைகளில் நீலகிரிக்கு எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. நான்கு உருளைகள் கொண்ட அவற்றில், இரண்டு உருளைகள் வழக்கமான சக்கரங்களை இயக்கும். ஏற்றம் வந்ததும், அங்கிருந்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டினுள் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். அவை முதுமை அடைந்தபின், அவற்றையொத்த புதிய எஞ்சின்களைத் திருச்சிராப்பள்ளி பொன்மலைத் தொழிற்சாலை 2011-ஆம் ஆண்டுமுதல் செய்து தந்தது. அவற்றுள் முதலில் வந்தவை நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெயை எரிக்கும் எஞ்சின்கள். 2005-இல் நீலகிரி மலைப்பாதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. குன்னூருக்கு மேல் பற்சட்டம் இல்லை. அங்கு டீசல் எஞ்சின் வண்டியை இழுத்துச் செல்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரையில், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், நீராவி எஞ்சினே பணி செய்கிறது. ரிகியில் நின்றதுபோலவே அது பெட்டிகளின் கீழ்ப்புறத்தில் நின்று, அவற்றைப் பின்னிருந்து மேலே தள்ளுகிறது.